அத்தியாயம் 7: வால்வு நோயும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

இதய நோய் என்றால் நம் வீடுகளில் இரண்டு சொற்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ‘அடைப்பு’, இன்னொன்று ‘ஓட்டை’. ஐம்பது வயதுக்காரருக்கு நெஞ்சு வலித்தால் அடைப்பு. பச்சைக் குழந்தைக்கு நீலம் பாரித்தால் ஓட்டை. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, “வால்வு சுருங்கியிருக்கு” என்று டாக்டர் சொன்னால், வெளியே வந்ததும் உறவுக்காரர் கேட்பது, “ஸ்டென்ட் வெச்சா சரியாயிடுமா?” என்பதுதான்.

ஆகாது. ஸ்டென்ட் என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்கு வைப்பது. வால்வு வேறு இடம், வேறு நோய். சிகிச்சையும் வேறு. மற்ற பல நோய்களில் டாக்டர் முக்கால் பங்கு, நோயாளி கால் பங்கு என்று ஓட்டிவிடலாம். வால்வு நோயில் கணக்கு தலைகீழ். ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வரும் முப்பது, நாற்பது வருடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த வருடங்களைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

ஃபுட்வால்வு தெரியுமா?

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வால்வைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருக்கும். தண்ணீர் மேலே ஏறும்போது திறக்கும். மோட்டார் நின்றதும் மூடிக்கொண்டு, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாது. அதற்குள் ஒரு குச்சி சிக்கிக்கொண்டால் தண்ணீர் கீழேயே ஒழுகிவிடும். துருப்பிடித்து இறுகிவிட்டால் சரியாகத் திறக்காது. இரண்டிலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது.

இதயத்தில் இப்படி நான்கு வால்வுகள். நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் வழியில் இருப்பது மைட்ரல் வால்வு. கீழறையிலிருந்து உடம்புக்குப் போகும் வாசலில் அயோர்டிக் வால்வு. வலப்பக்கம் இதேபோல் டிரைகஸ்பிட், பல்மனரி என்று இரண்டு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை இவை திறந்து மூடுகின்றன. சரியாகத் திறக்காவிட்டால் ‘சுருக்கம்’; சரியாக மூடாவிட்டால் ‘கசிவு’. ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஃபுட்வால்வு பழுதென்று தெரியாமல் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் காயில் கருகும். இதயமும் அப்படித்தான். வால்வைக் கவனிக்காமல் விட்டால் தசை தளரும். வால்வை மாற்றலாம், தளர்ந்த தசையைப் பழையபடி கொண்டுவருவது எல்லாருக்கும் முடிவதில்லை. ‘எப்போது ஆபரேஷன்’ என்பதை டாக்டர் இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

தொண்டையில் தொடங்கும் நோய்

வயதானவர்களுக்கு வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகும். சிலருக்குப் பிறவியிலேயே அயோர்டிக் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். ஆனால் நம் ஊரில் இளம் வயதில் வால்வு கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல்.

அது தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற கிருமியால் 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலி வரும், தானாகவே சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலுடன் முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை. ‘வளரும் பிள்ளை, வலி இருக்கத்தான் செய்யும்’ என்று எண்ணெய் தேய்த்து விடுவோம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் தெரியாமல் வால்வையும் தாக்கியிருக்கும். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும்; வால்வில் தழும்பு நிற்கும். பத்து, பதினைந்து வருடம் கழித்து, பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகோ முதல் பிரசவத்திலோதான் அது வெளியே தெரிகிறது.

உடம்பு சொல்லும் சேதி

“மூச்சு வாங்குதா?” என்று கேட்டால், “அதெல்லாம் இல்லீங்க” என்பார்கள். பொய்யில்லை. மூச்சு வாங்கும் வேலையை அவர்கள் ஏற்கெனவே விட்டிருப்பார்கள். இரண்டு குடம் தூக்கியவர் ஒரு குடமாக்கியிருப்பார். மாடியில் துணி காயப்போடுவதை மகளிடம் தள்ளியிருப்பார். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: போன தீபாவளிக்குச் செய்த வேலையை இந்தத் தீபாவளிக்கும் செய்ய முடிகிறதா?

தலையணையும் ஒரு கணக்குதான். ஒரு தலையணை வைத்துத் தூங்கியவர் இரண்டு, மூன்று என்று உயர்த்துவது, நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் உட்காருவது, இரண்டும் நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளம். கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம், படபடப்பு, சளியில் ரத்தம் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. அயோர்டிக் வால்வு சுருங்கியவருக்கு நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனை. நாள் கடத்தக் கூடாது.

எக்கோ ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953-இல் ஒலி அலையை வைத்து இதயத்தைப் பார்த்தார்கள். எட்லர் அதில் தேடியது மைட்ரல் வால்வின் சுருக்கத்தைத்தான். இன்று அந்த எக்கோ இல்லாமல் வால்வு நோயில் எந்த முடிவும் எடுப்பதில்லை. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் எடுக்கலாம்.

ரிப்போர்ட் முழுவதும் புரிய வேண்டியதில்லை. மூன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. எந்த வால்வு, சுருக்கமா கசிவா? மைல்டா, மாடரேட்டா, சிவியரா?
2. சுருக்கம் என்றால் வால்வின் பரப்பு எவ்வளவு? மைட்ரல் வால்வு இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர்; 1.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான சுருக்கம். அயோர்டிக் இயல்பில் 3 முதல் 4. 1-க்கு வந்துவிட்டால் கடுமை.
3. இ.எஃப். எவ்வளவு? தசையின் பலத்தைக் காட்டும் எண் இது.

போன தடவை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் புது ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் வரும். பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

பலூன், தையல், புது வால்வு

மைல்டு நிலையில் மருந்தும் கண்காணிப்பும் போதும். மைட்ரல் சுருக்கத்துக்குப் பலூன் ஒரு நல்ல வழி. ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே வடிவமைத்து, 1984-இல் மருத்துவ இதழில் வெளியிட்ட முறை இது. தொடை ரத்தநாளம் வழியாகப் பலூனைக் கொண்டுபோய், ஒட்டிக்கொண்ட இதழ்களை விரித்துப் பிரிக்கிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. வால்வில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தாலோ, கசிவு அதிகம் என்றாலோ, மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ பலூன் ஒத்துவராது. பிரித்த இதழ்கள் சில வருடங்களில் மறுபடி ஒட்டலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கசிவு என்றால், முடிந்தவரை சொந்த வால்வைத் தைத்துச் சரிசெய்வார்கள். முடியாதபோது மாற்று வால்வு. இதில் இரண்டு வகை.

உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். திசு வால்வு மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ செய்வது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களுக்குப் பிறகு அந்த மாத்திரை தேவைப்படாது. ஆனால் 10, 15 வருடங்களில் தேயும், இளம் வயதில் இன்னும் சீக்கிரம். ஆகவே பொதுவாக 50 வயதுக்குக் கீழ் உலோகம், 65-க்கு மேல் திசு. நடுவில் இருப்பவர்களுக்கும், குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ‘அந்த மாத்திரைக்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போக எனக்கு வழியிருக்கிறதா?’ என்ற கேள்வியையும் அந்தப் பேச்சில் வையுங்கள். ஊரிலிருந்து லேப் முப்பது கிலோமீட்டர் என்றால் அதுவும் மருத்துவத் தகவல்தான்.

உலோக வால்வு என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்ற காலம் போய்விட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதில் வென்றார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய அந்தச் சித்ரா வால்வு, இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வயதானவர்களின் அயோர்டிக் சுருக்கத்துக்கு, தொடை வழியாகவே புது வால்வை வைக்கும் ‘டாவி’ முறையும் உண்டு; பிரான்சின் அலென் கிரிபியே 2002-இல் முதலில் செய்தது. செலவு கூடுதல்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே அதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டிப் பேசிவிடுங்கள்.

அந்தச் சின்ன மாத்திரை

உலோக வால்வு வைத்தவர்களுக்கு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற மாத்திரை தருவார்கள். ‘அது எலி மருந்தாமே!’ என்று யாராவது பயமுறுத்துவார்கள். பாதி உண்மை, முழுக் கதை இது. 1933 பிப்ரவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, கெட்டுப்போன வைக்கோலைத் தின்று செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு பனிப்புயலில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்தார். அந்தத் தேடலில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலிக்கு வைத்தார்கள். 1954-இல் மனிதருக்கு மருந்தானது. எலிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அளவு. அந்த அளவைக் காட்டும் பரிசோதனைதான் ஐ.என்.ஆர்.

மாத்திரை சாப்பிடாதவருக்கு ஐ.என்.ஆர். சுமார் 1. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பெரும்பாலும் 2.5 முதல் 3.5-க்குள் வைப்பார்கள், அயோர்டிக் என்றால் 2 முதல் 3. உங்களுக்கு உரிய எண் எது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு.

புறநோயாளிப் பிரிவில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்:

“ஏம்மா, போன மாசம் 2.8 இருந்தது, இப்ப 1.6-ன்னு காட்டுதே? மாத்திரை விட்டீங்களா?”

“சத்தியமா விடலீங்க டாக்டர். ஏகாதசி விரதம் இருந்தேன், துவாதசிக்கு அகத்திக்கீரை. அப்புறம் வயல்ல முருங்கை நெறையத் தழைச்சிருந்துச்சு, தெனம் கீரைதான்.”

கரும்பச்சைக் கீரையில் வைட்டமின் கே அதிகம். மாத்திரையின் வேலைக்கு அது எதிர்வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். கீரையைவிடக் கீரையின் ஏற்றத்தாழ்வுதான் ஆபத்து. நீண்ட உபவாசமும், சாப்பாடு இறங்காத வயிற்றுப்போக்கும் எண்ணை மேலே தள்ளும்.

இனி, தவறு நடக்கும் இடங்கள்:

* மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் போடுங்கள். காலையில் ரத்தம் கொடுத்தால், மாற்றிய அளவை அன்று மாலையே தொடங்கலாம்.
* ‘திங்கள், புதன், வெள்ளி 2 மில்லிகிராம், மற்ற நாள் 3’ என்பதுபோல் அளவு மாறும். தினசரி காலண்டர் தாளிலேயே எண்ணை எழுதிவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு தாளைக் கிழியுங்கள்.
* மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.
* மெடிக்கல் ஷாப்பில் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். காய்ச்சலுக்கோ வலிக்கோ பாராசிட்டமால், அதுவும் சில நாளைக்கு மட்டும்.
* மெட்ரோநிடசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரை ஏற்றும்; காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கும். புது மருந்து எது தொடங்கினாலும் ஒரு வாரத்துக்குள் பரிசோதனை. நாட்டு மருந்துக்கும் இதே விதி. சமையலில் சேரும் இஞ்சி, பூண்டு பற்றிக் கவலை வேண்டாம். அவற்றின் சூரணமும் காப்ஸ்யூலும் வேறு கணக்கு.
* ‘டெஸ்டே தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்காம்’ என்று யாராவது சொன்னால் மாறிவிடாதீர்கள். உலோக வால்வு நோயாளிகளிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013-இல் வெளியானது.
* பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ மாத்திரையை நிறுத்துவதா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இருபத்தொரு நாள் ஊசி

ருமாட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு அது திரும்ப வரலாம். வரும் ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுப்பது பென்சதீன் பென்சிலின் ஊசி. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒரு முறை. வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் பல வருடங்கள், சிலருக்கு 40 வயது வரையோ அதற்கு மேலுமோ. ‘ஆபரேஷன்தான் ஆயிடுச்சே’ என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாற்றாத மற்ற வால்வுகள் உள்ளே இருக்கின்றன.

நினைவில் வைக்க ஒரு வழி: 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். முதல் ஊசி சனிக்கிழமை என்றால் எல்லா ஊசியும் சனிக்கிழமைதான். பள்ளிக்கோ வேலைக்கோ இடைஞ்சல் இல்லாத கிழமையில் தொடங்கிவிடுங்கள். ஒவ்வாமை வந்தால் கையாளும் வசதியுள்ள இடத்தில் போடுங்கள். அசிட்ரோம் சாப்பிடுபவர் ஊசிக்கு முன் நர்ஸிடம் சொல்லி, கடைசி ஐ.என்.ஆரைக் காட்டுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

பல், அலகு, அரிவாள்மனை

வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. காலை, இரவு இரண்டு வேளையும் பல் துலக்குங்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்குவதற்கும் ஈறு சுத்தம் செய்வதற்கும் முன் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. பல் டாக்டரிடம் முதல் வாக்கியமே ‘எனக்கு வால்வு மாத்தியிருக்கு’ என்பதாக இருக்கட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துவதாக வேண்டுதல் இருந்தால் பால்குடமாக மாற்றிக்கொள்ளுங்கள். முருகன் கோபிக்க மாட்டான். பச்சை குத்துவதும் வேண்டாம். அரிவாள்மனையில் விரல் வெட்டினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், ஆன்டிபயாட்டிக் விழுங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து முந்திவிட்டால் கிருமி பிடிபடாது.

உப்பும் எடையும்

மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ இருந்தவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். குழம்பில் போடுவதைவிட ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வழியாக வருவதுதான் கணக்கில் வராமல் போகிறது. காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கல்யாணம், கர்ப்பம்

பல வீடுகளில் மகளின் நெஞ்சுத் தழும்பை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கிறார்கள். அதன் விலையை அந்தப் பெண் கட்டுகிறாள்: புகுந்த வீட்டில் ஒளித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை, ஒரு நாள் விடுபடும், பிறகு நின்றே போகும். சொல்லிவிட்டுச் செய்யும் கல்யாணம் தாமதமாகலாம், உயிரோடு இருக்கும்.

கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு அதைத் தாங்காது. வார்ஃபரின் வகை மாத்திரை, குறிப்பாக 6 முதல் 12 வாரக் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பயந்துபோய் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. மாற்று ஏற்பாடு டாக்டர் கையில். ஆகவே நாள் தள்ளிப்போன பிறகு வராதீர்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே வாருங்கள்.

உடனே 108

* முகம் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல். சில நிமிடங்களில் சரியானாலும் போக வேண்டும்.
* உட்கார்ந்திருந்தாலும் அடங்காத மூச்சுத் திணறல், மயக்கம்.
* ராத்திரி அமைதியில் கேட்டுப் பழகிய வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்கிப்போய், கூடவே மூச்சு வாங்குவது.
* கறுப்பு மலம், ரத்த வாந்தி, நிற்காத ரத்தப்போக்கு.
* தலையில் அடி. வெளிக்காயம் இல்லாவிட்டாலும் ஸ்கேன் தேவைப்படலாம்.

அந்த நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் பெயர், எந்த வால்வு, என்ன வகை, எந்த வருடம், உங்களுக்கு உரிய ஐ.என்.ஆர்., ஒவ்வாத மருந்து. அடுத்த பக்கத்திலிருந்து கோடு போட்டு நான்கு பத்தி: தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, அடுத்த தேதி. கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக ஊசித் தேதிகள். மருத்துவமனை தந்த வால்வு அட்டையின் நகலை நோட்டின் அட்டைக்குள் ஒட்டுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை: அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு, அடுத்த ஊசி என்றைக்கு என்ற இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் நாளைக் காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டு எழுதுங்கள்.